அதிகாரி முடிவெடுத்த பிறகு கோர்ட் எதைப் பார்க்கும்?

ராயபுரத்தில் எங்கள் தெரு வாசகசாலையில் போன ஞாயிற்றுக்கிழமை வந்த கேள்விகள் இவை. பதில் சொன்னவன் நான். பாரிமுனை சிவப்புக் கட்டடத்தில், அதாவது சென்னை ஹைகோர்ட்டில், ரிட் வழக்குகளோடு (அரசு அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடும் வழக்கு) இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிற வக்கீல்.

எண்ணூர் மீனவர் ஒருவர்: எங்கள் பக்கம் ஒரு ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை, அதாவது ஆலையை நடத்த அனுமதி, கொடுத்தது. எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவர்களிடம் ‘இது நிபுணர்கள் பார்க்க வேண்டியது’ என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் கோர்ட் எதற்கு சார்?

அண்ணே, கேரம் மேட்ச் பார்த்திருப்பீர்கள். எந்தக் காயை அடித்திருக்கலாம் என்று நடுவர் வாய் திறக்க மாட்டார். ஸ்டிரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டு நின்றதா என்றுதான் பார்ப்பார். ரிட் வழக்கில் நீதிபதி அந்த நடுவர் மாதிரி. முடிவை விட, முடிவுக்கு வந்த வழியைத்தான் பார்ப்பார். டாடா செல்லுலார் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொன்னது. முடிவையே தொட வேண்டுமானால், புத்தியுள்ள எந்த அதிகாரியும் இப்படிச் செய்ய மாட்டார் என்கிற அளவுக்கு அது அபத்தமாக இருக்க வேண்டும். இந்த அளவுகோல் 1947இல் இங்கிலாந்தில் ஒரு சினிமா கொட்டகை வழக்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விடக்கூடாது என்று உள்ளூர் நகராட்சி நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர்தான் தோற்றார். இன்றும் இந்த ஒரு காரணத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

காசிமேட்டிலிருந்து: அப்படியென்றால் சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பதையும் அதிகாரியே சொல்லிக்கொள்ளலாமா?

கூடாது. காற்றில் எவ்வளவு கந்தகம் என்பது நிபுணர் விஷயம். அங்கே கோர்ட் தயங்கும். சட்டத்தின் ஒரு வரிக்கு என்ன பொருள் என்பது கோர்ட்டின் சொந்த வேலை. அமெரிக்காவில் இதிலும் நாற்பது வருஷம் விட்டுக்கொடுத்தார்கள். சட்டம் தெளிவாக இல்லாவிட்டால், அரசுத் துறை சொல்லும் பொருள் நியாயமாக இருந்தால் போதும் என்று 1984இல் செவ்ரான் வழக்கில் தீர்ப்பு. அதை 2024 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே தூக்கிப்போட்டது. யார் போட்ட வழக்கு தெரியுமா? ஹெர்ரிங் மீன் பிடிக்கிறவர்கள்! படகில் ஏற்றும் கண்காணிப்பாளருக்கு நாளுக்குச் சுமார் 710 டாலர் வரை படகுக்காரரே கொடுக்க வேண்டும் என்று மீன்வளத் துறை விதி போட்டது. சட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். காசிமேட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான்.

மணலி அக்கா ஒருவர்: ஹைகோர்ட்டா, பசுமைத் தீர்ப்பாயமா?

பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே அமைத்தது. சேப்பாக்கம் கலச மஹாலில் உட்காரும் அந்தத் தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு நிபுணர் உறுப்பினரும் இருப்பார். அதனால் ‘எங்களுக்குத் தெரியாத துறை’ என்று அவர்கள் ஒதுங்க முடியாது. அங்கே அப்பீல் போனால் முடிவின் உள்ளேயே போய்ப் பார்க்கலாம். ஆனால் 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91ஆவது நாள் போனால் கதவு சாத்தியிருக்கும் அக்கா. அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். ஹைகோர்ட்டின் ரிட் அதிகாரத்தைத் தீர்ப்பாயம் பறிக்கவில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ‘முதலில் அங்கே போங்கள்’ என்று ஹைகோர்ட் சொல்வது சகஜம்.

கொருக்குப்பேட்டை: சொத்து வரிக்கும் இதே கதையா?

ஆமாம், முதலில் சட்டம் காட்டும் அப்பீல். இயற்கை நீதி மீறல் (உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுப்பது போல), அதிகாரமே இல்லாமல் போட்ட உத்தரவு, அடிப்படை உரிமை மீறல், சட்டமே செல்லாது என்ற வாதம் இவற்றில் ஒன்று இருந்தால் நேராக ரிட் போடலாம். வேர்ல்பூல் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

வியாசர்பாடி மாணவி: என் அப்பாவின் மனுவை ‘பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரி உங்கள் பக்கம்தான் பேசும் அம்மா. உத்தரவில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் உத்தரவு நிற்க வேண்டும், பிறகு கோர்ட்டில் போடும் பதில் மனுவில் (கவுன்ட்டர்) புதுக் காரணம் சேர்க்க முடியாது என்பது 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் சொன்னது. நாளாக ஆக ருசி கூடுவதற்கு உத்தரவு என்ன பழைய ஒயினா என்ற பொருளில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். என் கட்சிக்காரர் ஒருவருக்கு வந்த உத்தரவு இரண்டு வரி, அதற்கு அலுவலகம் போட்ட கவுன்ட்டர் பதினெட்டு பக்கம். அந்தப் பதினெட்டு பக்கத்துக்கும் வரிக்கு வரி பதில் எழுதி ஒரு மாதத்தை வீணாக்கினேன். இரண்டு வரியைக் காட்டியிருந்தாலே போதும்.

திருவொற்றியூர்: நிபுணர் அறிக்கையை உடைக்கவே முடியாதா?

நிபுணர் தப்பு என்று சொல்லாதீர்கள், எதைப் பார்க்காமல் விட்டார் என்று காட்டுங்கள். கோவா மோப்பா விமான நிலைய வழக்கில் 2019இல் நிபுணர் குழு முக்கிய விவரங்களைக் கவனிக்கவில்லை என்று சுற்றுச்சூழல் அனுமதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனால் கோப்பு திரும்பப் போனது அதே குழுவுக்கு. 2020 ஜனவரியில் தடை விலகியது. இதையும் தெரிந்துகொண்டே வழக்குப் போடுங்கள். காற்று அறிக்கை கிடைத்தால் எந்த நாள், எந்த நேரம் மாதிரி எடுத்தார்கள், அன்று ஆலை ஓடியதா, காற்று கடல் பக்கமிருந்து வீசியதா ஊர்ப் பக்கமிருந்தா என்று தேடுங்கள். அந்த விவரம் அறிக்கையில் இல்லையென்றால் மனுவில் முதல் கிரவுண்டாக, அதாவது முதல் வாதமாக, அதையே எழுதச் சொல்லுங்கள்.