தண்டல்காரர் தினமும் வருகிறார்

கேள்வி: “ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் தீர்மானம் எடுக்கிறேன். பிப்ரவரி பிறப்பதற்குள் பழைய ஆளாகிவிடுகிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தை வைத்து இலக்கு வகுத்து, நிலைத்து நிற்கும் மாற்றத்தை அடைந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்?”

அடைந்துவிட்டேன் என்று எழுதத் துணிவில்லை. சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்குக் கடிதம் எழுதிய பவுலே “பிடித்துக்கொண்டேனென்று நான் எண்ணுகிறதில்லை” என்கிறார். நான் எம்மாத்திரம்? ஆனாலும் ஒரு விஷயத்தில் ஏழெட்டு ஆண்டுகளாக விழுந்தும் எழுந்தும் நடந்துகொண்டிருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது தொழில். வீடு தண்டையார்பேட்டையில். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் கையில் தருவார்களே, புத்தாண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை, அதை ஆண்டு தவறாமல் வாங்கி வந்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பேன். கதவைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வாக்குத்தத்தங்கள் வரிசையாக நிற்கும். அதே ஆண்டுகளில் என்னிடம் இன்னொரு அட்டையும் இருந்தது. தண்டல் அட்டை.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குத் தண்டலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் கேட்டால், 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் கரைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் நிற்கும் பணம் அதில் பாதிதான். ஆண்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அறுபதாவது நாள் வந்ததும் “புதுப்பித்துக்கொள்கிறீர்களா?” என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த அன்பில்தான் நான் ஆறு ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் “இந்த ஆண்டு கடன் இல்லாமல் வாழ்வேன்” என்று தீர்மானம். இதற்காக உபவாசம் இருந்திருக்கிறேன். ஒரு கன்வென்ஷனில், “உன் கடன் பத்திரம் இன்றிரவே கிழிக்கப்படுகிறது” என்று பிரசங்கியார் முழங்கியபோது எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கியிருக்கிறேன். மறுநாள் காலை தண்டல்காரர் வழக்கம்போல வந்தார். அவருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும். அந்த மாதிரிப் பிரசங்கங்களின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அவை என்னை உட்கார்ந்து கணக்குப் பார்க்க விடாமல் ஆண்டுக்கணக்கில் ஆகாயத்தைப் பார்க்கவைத்தன. இயேசுவோ லூக்கா 14இல், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்கிறார்.

2018இல் லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வசனம் ஒன்றைத் தேடுவதற்காக என் வேதாகமத்தை எடுத்த மனைவி, அதன் ஜிப் உறைக்குள் இருந்த தண்டல் அட்டையைப் பார்த்துவிட்டாள். ஒளித்துவைக்க எனக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்! சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அட்டையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “இது எத்தனையாவது?” என்று மட்டும் கேட்டாள். எனக்கே எண்ணிக்கை தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு சோறு போட்டாள். இதைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். சகேயுவின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். ஆயக்காரருக்குத் தலைவன், ஒருவிதத்தில் ரோமருக்காகத் தண்டல் வாங்கியவன். அவன் மனந்திரும்பிய பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போனதாகவே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். வரிசையை மறுபடி படியுங்கள். “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்பது முதலில் வருகிறது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். என் தீர்மானங்கள் தலைகீழாக இருந்தன: கடனை அடைத்துவிட்டுத்தான் ஆண்டவர் முகத்தில் விழிப்பேன் என்றிருந்தேன். முகத்தில் விழிக்க முடியாதவன் எதை அடைப்பான்?

அடுத்த வாரம் நானும் அவளும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எப்போதெல்லாம் தண்டல் வாங்கினேன் என்று நினைவுபடுத்தி எழுதியபோது ஒரு விஷயம் தெரிந்தது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். எஞ்சின் வேலை முழுவதும் அப்போதுதான் குவியும். உதிரிபாகங்களை என் கைக்காசில் வாங்கிப் போட்டு முடித்துக்கொடுப்பேன். படகு உரிமையாளர்களோ தடை முடிந்து மீன் ஏலம் போன பிறகு ஜூலையில் பணம் தருவார்கள். இடைப்பட்ட காலத்தை நிரப்பியது தண்டல்.

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டிருந்தால் தண்டலே தேவைப்பட்டிருக்காது. ஏன் கேட்கவில்லை? கௌரவம். “அவரிடம் விட்டால் போதும், கையில் காசு இல்லாவிட்டாலும் முடித்துத் தருவார்” என்று துறைமுகத்தில் சொல்லிக்கொள்வார்களே, அந்தப் பேருக்காக. கடன் என்று நினைத்து நான் ஜெபித்துக்கொண்டிருந்த நோய்க்கு உண்மையான பெயர் பெருமை. அடுத்து வந்த வாரங்களில் என் ஜெபம் மாறியது. “கடனை எடுத்துப்போடும்” என்பது போய், “நாளைக்கு முன்பணம் கேட்க வாய் கொடும்” என்று ஆனது. சிறிய ஜெபம்தான். ஆனால் மாலைக்குள் கேட்டேனா இல்லையா என்று தெரிந்துவிடும். முதல் ஆள் முகம் சுளித்தார், கொடுத்தார். இரண்டாவது ஆள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். போகட்டும்.

அந்த ஆண்டு வேறு எந்தத் தீர்மானமும் வைத்துக்கொள்ளவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுவது, வேதத்தை ஓராண்டில் முடிப்பது, எடை குறைப்பது, எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். “ஒன்று செய்கிறேன்” என்றுதானே பவுலும் எழுதுகிறார். என் புத்தாண்டையும் ஏப்ரல் 15க்கு மாற்றிக்கொண்டேன். ஜனவரியில் எனக்கு வேலையும் குறைவு, சோதனையும் குறைவு; அப்போது எடுக்கும் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?

மனைவி இராயபுரம் பேதுரு கோவில் பங்கில் வளர்ந்தவள், கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம் அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. “ஒழுக்கத்துக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முறிந்துவிடுவான்” என்பாள். ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டைத் திறப்பதில்லை என்ற எங்கள் வீட்டு விதி அவளுடையது.

ஆனால் இத்தனையும் நான்கே வாரத்தில் கலைந்திருக்கும். நிலைக்கவைத்தது வேறொன்று. எங்கள் சபையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். அறிவுரை எதுவும் தரவில்லை. “தம்பி, தண்டல்காரருக்கு மட்டும் நீ எப்படித் தவறாமல் கட்டுகிறாய்?” என்று கேட்டார். “தினமும் வந்து நிற்கிறாரே” என்றேன். “அப்படியானால் ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தையைக் கேட்க யார் வந்து நிற்கிறார்கள்?”

அன்று அவர் சொன்ன ஒரு சரித்திரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லி வழிநடத்திய மெதடிஸ்டு என்ற கிறிஸ்தவ இயக்கத்தாரின் கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏழைகளால் எப்படி முடியும் என்று கேட்டதற்கு, பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றாராம். அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாரம்தோறும் வீடுவீடாகப் போய் வசூலித்தார்கள். போன இடத்தில் காசு மட்டுமா கண்ணில் படும்? குடித்துக் கிடந்தவன், மனைவியை அடித்தவன் எல்லோரும் கண்ணில் பட்டார்கள். கடன் வசூலுக்கு வந்த ஏற்பாட்டை ஜான் வெஸ்லி ஆத்தும விசாரிப்புக்குத் திருப்பிவிட்டார். மெதடிஸ்டு வகுப்புக் கூட்டங்கள் பிறந்த கதை இது. கிட்டத்தட்ட ஒரு தண்டல்தான்!

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அண்ணன் பட்டறைக்கு வருவார். டீ குடிப்பார். மூன்று கேள்விகள்: இந்த வாரம் கடன் வாங்கினாயா? முன்பணம் கேட்டாயா? மனைவியிடம் எதையாவது மறைத்தாயா? பிறகு ஒரு சின்ன ஜெபம். பத்து நிமிடம்தான். “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்று யாக்கோபு எழுதியதை நான் ஆயிரம் முறை படித்திருக்கிறேன். எஞ்சின் எண்ணெய் படிந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அது புரிந்தது.

கடைசித் தண்டல் 2018 ஜூலையில் முடிந்தது. அதோடு பிரச்சினை தீரவில்லை. தினமும் போய்க்கொண்டிருந்த 100 ரூபாய் சட்டைப் பையில் தங்கியதும் அது டீ, பஜ்ஜி, செல்போன் உறை என்று ஓடத் தொடங்கியது. மத்தேயு 12இல் அசுத்த ஆவி விட்டுப்போன வீட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள்: பெருக்கி அலங்கரித்த வீடு வெறுமையாய் இருந்ததால், அது வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. ஒரு பழக்கத்தை விட்டால் அந்த இடத்தை வெறுமையாய் விடக்கூடாது என்று புரிந்துகொண்டேன். அதே நேரம், அதே 100 ரூபாய், இப்போது மனைவியிடம். ஞாயிறு நீங்கலாக மாதம் ஏறக்குறைய 2,600. அதில் 2,000 அஞ்சலகத் தொடர் வைப்புக்கு, மிச்சம் உதிரிபாகத்துக்கு. ஐந்து ஆண்டு கழித்து 2023 ஆகஸ்டில் முதிர்ந்த தொகை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர், வெல்டிங் மெஷின் போயிற்று, ஸ்டார்ட்டர் மோட்டார்கள் போயின. கையில் சேமிப்பும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் 20,000 தண்டல் வாங்கினேன். கையில் வந்தது 17,000. இரண்டு சனிக்கிழமைகள் அண்ணனிடம் பொய் சொன்னேன். மூன்றாவது வாரம் முடியவில்லை. சொன்னதும் அவர் முகம் மாறவே இல்லை. “எத்தனை நாள் பாக்கி?” என்றார். “எண்பத்திரண்டு.” “சரி, அடுத்த வாரம் எழுபத்தைந்து என்று சொல்லு” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அன்றே மனைவியிடமும் சொன்னேன். அது இதைவிடக் கடினமாக இருந்தது. முன்பெல்லாம் ஒருமுறை விழுந்தால் அடுத்த ஜனவரி வரை விழுந்தே கிடப்பேன். இம்முறை மார்ச்சில் முடித்தேன்.

உங்கள் பிரச்சினை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், அது எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த வெட்கத்தை மறைப்பதற்காக வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறகு வாரம் ஒருமுறை நேரில் வந்து கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். போதகராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஐந்நூறு குடும்பங்கள். வாட்ஸ்அப் ஜெபக்குழு உதவாது, அங்கே எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வாரம் இரண்டு நாள் 100 ரூபாய் கொடுக்கத் தவறிவிட்டேன். இன்று வெள்ளி. நாளை ஆறரை மணிக்கு அண்ணன் வருவார்.