மாசடைந்த நகர ஆற்றை மீட்கக் கலை எப்படி உதவும்?

கரையோர மக்களே சேர்ந்து ஓவியம், நாடகம், கவிதை எனப் படைத்து, ஆற்றின் பக்கம் ஊரின் கண்ணைத் திருப்புவதுதான் இங்கே சமூகக் கலை. கோலம் போட்ட வாசலில் குப்பை கொட்டக் கை வராது அல்லவா, அதே கணக்கு.

லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றையே பாருங்கள். 1938 வெள்ளத்துக்குப் பிறகு அதைக் கான்கிரீட் வாய்க்காலாக்கி வேலியும் போட்டார்கள். அங்கே ஓர் ஆறு இருப்பதையே ஊர் மறந்தது. 1980களில் லூயிஸ் மெக்ஆடம்ஸ் என்ற கவிஞர் நண்பர்களோடு வேலியை வெட்டி உள்ளே இறங்கினார். ஆற்றுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, அதை நாற்பதாண்டுக் கலைப்படைப்பு என்றார். எவ்வளவு பொறுமை! ஆண்டுதோறும் மக்கள் திரண்டு குப்பை அள்ளினார்கள். 2010இல் அமெரிக்க அரசு அந்த ஆற்றைப் படகு செல்லும் நீர்நிலையாக ஏற்றது. அதனால், நீர்நிலைகளில் கழிவு கலப்பதைக் கட்டுப்படுத்தும் தூய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பும் உறுதியானது.

சுவரில் படம் வரைந்தாலே ஆறு சுத்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கழிவைத் தடுப்பது சுத்திகரிப்பு நிலையமும் சட்டமும்தான், அவற்றைக் கேட்கும் கூட்டத்தைத்தான் கலை சேர்க்கிறது.