பத்துப் பேரானால் தோல்விதானா?

"உதைபந்தாட்டத்தில் எங்கட அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினால் ஆட்டம் போச்சுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இல்லை. ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் பயிற்றுநர் என்ன முடிவெடுக்கிறார் என்பது முக்கியம். வெளியேறியவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது, அதனால் போனவர் பின்கள வீரர் என்றால் பெரும்பாலும் ஒரு முன்கள வீரரை எடுத்துவிட்டு இன்னொரு பின்கள வீரரை இறக்கி 4-4-1 என்று, அதாவது பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் ஒருவர் என்று நிற்பார்கள், பின்வரிசையும் நடுவரிசையும் நெருங்கி நின்று நடுவை அடைத்து, பந்தை ஓரத்துக்கே போகவிடுவார்கள்.

2012இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் இங்கிலாந்துக் கழகமான செல்சி இப்படித்தான் நெருங்கி நின்று காத்தது. பார்சிலோனாவின் சொந்த மைதானம், 37ஆம் நிமிடத்தில் தலைவர் ஜோன் டெரிக்குச் சிவப்பு அட்டை, சற்று நேரத்தில் 2-0 பின்னடைவு. இடைவேளைக்கு முன் ராமிரேஸ் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதி முழுக்க முன்கள வீரர் ட்ரோக்பா இடது ஓரத்தில் பின்கள வீரர் போலவே ஓடினார், மெஸ்ஸியின் பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டது, கடைசியில் டோரெஸ் போட்ட கோலோடு 2-2. முதல் ஆட்டத்தில் 1-0 வென்றிருந்ததால் இறுதிக்குப் போனது செல்சி!

நம்ம மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பின்னேர வெயிலுக்குள் பத்துப் பேராக எல்லாப் பந்தையும் துரத்தினால் கடைசிக் கால் மணி நேரத்தில் கால் வராது. அப்புறம் கோல் விழும். பந்தை விட்டுக்கொடுங்கள், இடத்தை விடாதீர்கள்.