கறுப்புத் திரையில் மகன் என்ன செய்கிறார்?

உப்புவெளியிலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் மகன், பிரவுசரைத் திறக்காமலே, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி இணையத்திலிருந்து ஏதேதோ எடுக்கிறார் என்று பயந்திருக்கிறீர்கள். அவர் பழகுவது, கட்டளை தட்டி இணையத்திலிருந்து தரவை எடுக்க உதவும் கேர்ல் (curl) என்ற கருவி. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பேர்க் 1998இல் வெளியிட்டது. 2018இலிருந்து வின்டோஸ் 10உடனேயே வருகிறது. மென்பொருள் சோதனையிலும் சேர்வர் பராமரிப்பிலும் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் கருவி.

ஒரு பக்கத்தை இழுத்தெடுக்க ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும்படி கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) பிழைத்தால் அது தெரியவருமா என்பதைத்தான் வேலை தருபவர் பார்ப்பார்.

தினமும் காலை 5 மணிக்குத் திருகோணமலையின் காற்று வேகத்தை எடுத்து ஒரு கோப்பில் சேர்க்கும் ஸ்கிரிப்டை எழுதச் சொல்லுங்கள். ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைத் தரவுச் சேவையை வணிக நோக்கமில்லாமல் பாவிக்கப் பதிவு தேவையில்லை. அந்தச் சேவையின் இணைய முகவரியில் இடத்தைக் குறிக்க அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்று போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் & குறி வரும். முகவரியை மேற்கோளுக்குள் போடாவிட்டால் லினக்ஸ் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அந்தக் குறியோடு கட்டளையை வெட்டிவிடும். அகலாங்கு போகும், நெட்டாங்கு போகாது. நேர வலயத்தையும் கொழும்பு என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கிரீன்விச் நேரத்தில் பதில் வரும். அதில் 5 மணி என்பது இங்கே 10.30.

இதைவிட மோசமானது சத்தமில்லாத பிழை. 'பக்கம் இல்லை' என்று சேர்வர் சொல்லும் 404 வந்தாலும் கேர்ல் 0 என்ற வெளியேறும் எண்ணோடு, அதாவது பிழையில்லை என்ற குறியோடு முடியும். பிழைப் பக்கம் தரவு மாதிரிக் கோப்பில் போய் உட்காரும். 'ஃபெயில்' தெரிவைச் சேர்த்தால் சேர்வரின் பதில் எண் 400உம் அதற்கு மேலும் வரும்போது வெளியேறும் எண்ணாக 22 கிடைக்கும். 6 என்றால் சேர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 28 என்றால் நேரம் கடந்துவிட்டது. இந்த எண்ணை 30 நாளுக்கு, ஒவ்வொரு நாளும் திகதியோடு பதியட்டும். அதிகபட்ச நேரத்தைக் குறிக்கும் 'மேக்ஸ்-டைம்' தெரிவை 30 செக்கன் என்று வைக்காவிட்டால், மாரியில் லைன் இழுபடும் நாளில் ஸ்கிரிப்ட் தொங்கியே நிற்கும். 'ரீட்ரை' 3 போட்டால் 1, 2, 4 செக்கன் என்று விட்டுவிட்டு முயலும். வெளியேறும் எண் 60 வந்தால், சேர்வர் உண்மையானதுதானா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில் பிரச்சினை. முதலில் கணினியின் திகதியைப் பார்க்கட்டும். சான்றிதழ்ச் சரிபார்ப்பையே நிறுத்திவிடும் கெட்ட பழக்கம் வேண்டாம்.

பிறருடைய சுட்டெண்களை வரிசையாகப் போட்டுப் பெறுபேறு இழுத்தால் மட்டும் கண்டியுங்கள். அனுமதியற்ற நுழைவு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றம்.

இசட் புள்ளி கைகொடுத்தால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் உண்டு. இல்லாவிட்டால் என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) 4, அதன்பின் 5ஆம் மட்ட டிப்ளோமா. எந்த வழியில் போனாலும் நேர்முகத்துக்கு அந்த 30 நாள் பதிவைக் கொண்டுபோகட்டும். 28 விழுந்த காலைகளை அழிக்க வேண்டாம், கேள்வி அங்கேதான் வரும்.