கல்லீரல் டானிக்குக்கு முன் தீவன மூட்டையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் முட்டைக்கோழிகள் சில வாரங்களாகத் தீவனம் சரியாக எடுப்பதில்லை, முட்டை குறைந்து, இறப்பும் தொடங்கிவிட்டது. இறந்தவற்றின் கல்லீரல் வீங்கி, வெளிறிய மஞ்சளாக இருக்கிறது. கடைக்காரர் மூலிகைக் கல்லீரல் டானிக் தருகிறார். அதற்குப் பதிலாகக் கீழாநெல்லியை அரைத்துக் குடிநீரில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம், கெடுதல் இல்லை. கீழாநெல்லியின் பில்லாந்தின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, மில்க் திசில் விதையின் சைலிமாரின் ஆகியவை கல்லீரல் செல்களின் சேதத்தைக் குறைப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பில்லாந்தினும் சைலிமாரினும் நீரில் எளிதில் கரைவதில்லை என்பதால், குடிநீரைவிடத் தீவனத்தில் கலப்பதே மேல். அவற்றின் அளவு செடிக்குச் செடி மாறும். அந்த அளவைக் குறிப்பிடாமல் மூலிகைப் பெயர்களை மட்டும் வரிசையாக அச்சிட்டிருக்கும் புட்டியை வாங்காதீர்கள்.

கல்லீரல் ஏன் கெட்டது என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடையாளங்களைப் பார்த்தால், ஈரம் தங்கிய தானியத்தில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு என்றே ஐயப்படுகிறேன். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. இந்த நச்சின் பி1 வகை கல்லீரலுக்குள் சென்றபின், அங்குள்ள நொதிகளாலேயே இன்னும் கொடிய வடிவமாக மாறி, செல்லின் மரபுப்பொருளைப் பற்றிக்கொள்கிறது. நாள்தோறும் தீவனத்தில் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்த மூலிகையாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

ஆகவே மக்காச்சோளத்தின் ஈரப்பதத்தை அளக்காமல் மூட்டை கட்டாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறேன். 12 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் காயவைத்து, தரையையும் சுவரையும் தொடாதபடி மரச்சட்டங்களின் மேல் அடுக்கி, பழைய சரக்கின் மேல் புதியதைக் கொட்டாமல் இருந்தாலே டானிக் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் உலர்த்தினால் சரியாகிவிடும் என்று சொல்லும் வியாபாரியை நம்பாதீர்கள். பூஞ்சணம் போனாலும் நச்சு தானியத்திலேயே தங்கும், வேகவைத்தாலும் பெரும்பாலும் அழியாது.

இப்போதைய தீவனத்தை இன்றே நிறுத்திவிட்டு, பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கொழுப்புக் கல்லீரலும் வைரஸ் நோயும் ஏறக்குறைய இதே தோற்றம் தரக்கூடும் என்பதால், இறந்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். புதுத் தீவனத்தில் பெண்டோனைட் களிமண் வகை நச்சுப் பிணைப்பானை அவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். ஒதுக்கிய தீவனத்தை வாத்துகளுக்கோ கறவை மாடுகளுக்கோ போட்டுவிடாதீர்கள். வாத்துக்குஞ்சுகள் கோழியைவிட விரைவில் மடியும், மாட்டிலோ இந்த நச்சு எம்1 வகையாக மாறிப் பாலில் இறங்கும்.