பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஏன் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தினார்?

சிறுவர்களை மட்டுமே வைத்து நடத்திய நாடகக் குழுதான் பாய்ஸ் கம்பெனி. ஆண், பெண், கிழவர் என எல்லா வேடமும் அவர்களுக்கே. அங்கேயே தங்கல், சாப்பாடு, பாட்டு, பயிற்சி எல்லாம். கிட்டத்தட்ட ஒரு விடுதிப் பள்ளி மாதிரி; ஆனால் பரீட்சை தினமும் ராத்திரி, ஊரே பார்க்க!

சரி, ஏன் சிறுவர்கள்? பெரிய நடிகர்கள் மேடையில் எழுதியதை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசுவார்கள், பாட்டில் போட்டி போடுவார்கள். வரிக்கு வரி செய்யுளும் உரையாடலும் எழுதிய சுவாமிகளுக்கு (1867–1922) அது பெரிய தலைவலி. சிறுவர்கள் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்வார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியில்தான், பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அவர்களில் ஒருவரான சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்று சண்முகமே பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம், 'அந்தக் காலத்தில் பெண்கள் நடிக்கவே இல்லை, அதனால்தான் பையன்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல; அதற்கு முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார்.