வீட்டுக்குத் தெரியாமல் நிர்வாகக் குழுவில் சேரலாமா?

வியாசர்பாடியில் பால்புதுமை (LGBTQ) இளைஞர்களுக்கான சங்கத்தில் நிர்வாகக் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், தோழர்.

இப்போதைக்குப் பெயர் கொடுக்காதீர்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குழு உறுப்பினர் விவரமெல்லாம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். அது ரகசிய ஆவணம் இல்லை. வங்கிக் கையெழுத்தும் உங்களுடையது என்றால் கடிதம் வீட்டுக்கே வரும். நம்ம சந்துகளில் தபாலை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது உங்களுக்குத் தெரியாததா?

குழுவுக்குக் குறைந்தது 3 பேர் இருந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு வக்கீல், தன் பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒரு அம்மா என்று தேடச் சொல்லுங்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்துங்கள். பிள்ளைகள் வருவது அதற்குத்தான், லெட்டர்பேடைப் பார்த்து இல்லை. ஆனால் பின்னாலிருந்து பண முடிவெடுக்காதீர்கள். தகராறு வந்தால் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும்.

அப்புறம், போலீஸ் பயம். 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரை மட்டுமல்ல, அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது அது. ஒரு நகல் எடுத்துச் சங்க அறையில் வையுங்கள்.